பூட்டிய தொட்டியில் சத்தைக் காணோம்

அத்தியாயம் ஆறு

திருடன் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எடுக்கவில்லை. ஆனால் தண்ணீரில் இருந்த சத்து மொத்தமும் போய்விட்டது.

கழிவுநீர்ப் பண்ணையின் கண்காணிப்பாளர் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னபோது சோடாவுக்குத் தலை சுற்றியது. பாதி அவர் சொன்ன விஷயத்தால், மீதிப் பாதி அவர்கள் நின்றிருந்த இடத்தால்.

"சார், ஒரு நிமிஷம். பெட்டி பூட்டினபடியே இருக்கு. உள்ளே நகையும் இருக்கு. ஆனா நகையில தங்கம் மட்டும் இல்ல. அப்படித்தானே சொல்றீங்க?"

"அப்படியேதான்!" கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது. "இவ்வளவு தெளிவா எனக்கே சொல்ல வரலை. எழுதிக் கொடுங்க தம்பி, அறிக்கையில சேர்த்துக்கறேன்."

சோடா அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அண்ணி கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

அண்ணி என்றால் அவனுடைய அண்ணனின் மனைவி. ஆனால் ஊருக்கே அவள் அண்ணிதான். காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருஷம், எரிந்துபோன கடைகளைப் பார்த்து எது தானாக எரிந்தது, எது கொளுத்தியது என்று சொல்லிக்கொண்டிருந்தவள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னதால் மேலிடத்துக்குப் பிடிக்காமல் போய், வேலையை விட்டாள். 'அண்ணி துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டினாள். கொழுந்தனை உதவிக்கு வைத்துக்கொண்டாள். அவன் அதற்கு முன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்த்தான். அவனிடம் படித்த ஒருவர் பள்ளியின் வாசற்படியிலேயே காரை ஏற்றிய பிறகு, வேலைக்கும் அவனுக்கும் ஒத்துவரவில்லை. வாயைத் திறந்தால் பொங்கிவிடுவான் என்பதால் வீட்டில் அவனுக்குச் சோடா என்று பெயர்.

கழிவுநீர்ப் பண்ணைக்குத் துப்பறிய வந்த அண்ணிக்கு மூன்று நாளாக ஜலதோஷம். மூக்கு அடைத்திருந்தது. அதை அதிர்ஷ்டம் என்றான் சோடா. தொழிலுக்கு இழுக்கு என்றாள் அண்ணி.

"தண்ணி குறையலைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

கண்காணிப்பாளர் தொட்டியின் உட்சுவரைக் காட்டினார். அங்கே சிவப்புக் கோடு ஒன்று. தண்ணீர் அந்தக் கோட்டை ஒட்டியே நின்றது.

"நல்ல தண்ணியை எடுத்துட்டு வெறும் தண்ணியை ஊத்தியிருந்தா?"

"அதுக்கு நூறு லாரி வேணும், அண்ணி. வாசல் பதிவேட்டுல ஒரு லாரியும் இல்ல. ஒரு தள்ளுவண்டிகூட இல்ல."

பண்ணை பளிச்சென்று இருந்தது. பத்து நாளைக்கு முன்பு கழிவுநீர் வாரியத் தலைவர் வந்துபோனதன் பளிச்சு அது. அசையாமல் நின்ற எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்திருந்தார்கள். மரங்களுக்கு இடுப்புவரை, குழாய்களுக்குக் கழுத்துவரை, பழுதான பம்புக்குத் தலைவரை. காவல்காரரின் மிதிவண்டி பாதி வெள்ளையாக இருந்தது. மீதிப் பாதியை அடிப்பதற்குள் அவர் ஓட்டிக்கொண்டு தப்பியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். ஊரின் சாக்கடைத் தண்ணீரும், பக்கத்து மாட்டுப் பண்ணையைக் கழுவிய தண்ணீரும் இங்கே மூன்று தொட்டிகளில் வந்து சேரும். தெளிந்த தண்ணீர் வயல்களுக்கு உரமாகப் போகும். போகும் என்று பெயர்தான். வயலுக்குப் போய்ச் சேரும்போது அதில் உரம் என்று சொல்ல அவ்வளவாக ஒன்றும் இருக்காது. மூன்றாம் தொட்டியில் மட்டும் சோதனைக்கூடத்துப் பெண் ஒருத்தி ஏதோ வித்தை செய்து, ஆயிரம் லிட்டருக்கு நாலு கிலோ தழைச்சத்தை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னாள். தழைச்சத்து என்பது பயிரைப் பச்சையாக்குகிற சத்து. தலைவர் மகிழ்ந்துபோய், வெளியூர்ச் சோதனைக்கூடம் ஒன்றுக்குத் தொட்டித் தண்ணீரை அனுப்பச் சொன்னார். நேற்று முடிவு வந்தது. நாலு கிலோ இல்லை. ஒரு கிலோ.

"ஒண்ணு, அந்தம்மா சத்தைத் திருடியிருக்கணும். இல்ல, முதல்ல சொன்னதே பொய்யா இருக்கணும்," என்றார் கண்காணிப்பாளர். "நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுது. அதுக்குள்ள அவங்க சத்தை எங்க ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு நீங்க கண்டுபிடிச்சுட்டா, எல்லாருக்கும் நிம்மதி."

"தொட்டிச் சாவி யார்கிட்ட?"

"அவங்ககிட்டதான். பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு."

"இப்ப நீங்க எந்தச் சாவியால திறந்தீங்க?"

கண்காணிப்பாளர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"இது... பாதுகாப்புக்காக என்கிட்ட இருக்கு. ஆனா பதிவேட்டுல அவங்ககிட்ட இருக்கு."

"சாவி உங்க பையில, பழி அவங்க தலையில," என்று சோடா முணுமுணுத்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள். மிதிபட்ட வேகத்தில் அவன் தடுமாறி, தொட்டியின் ஓரத்தில் தொங்கிய அளவுக்கோலைப் பிடித்தான். கோல் தண்ணீரில் 'தளக்' என்று விழுந்து அவன் மார்பெல்லாம் தெறித்தது.

"அண்ணி! இது புதுச் சட்டை!"

"காலையில போட்டப்ப புதுசு. மத்தியானம் அதுல பாதிச் சாப்பாட்டைச் சிந்திக்கிட்டியே, அப்பவே அது பழசு. வா."

* * *

சோதனைக்கூடம் ஒரு நீளமான அறை. நூற்றுக்கணக்கான பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் உருண்டையான கையெழுத்தில் ஒரு சீட்டு. நடுமேசையில் ஒரு தட்டச்சுக் கடிதம். அதன் எதிரே முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதற்கெடுத்தாலும் சத்து, சத்து என்பதால் தொழிலாளர்கள் அவளைச் 'சத்து டீச்சர்' என்பார்கள்.

"என்ன கடிதம் இது?" என்றாள் அண்ணி.

"என் ராஜினாமா. நான் சிரமப்படக் கூடாதுன்னு கண்காணிப்பாளரே தட்டச்சு பண்ணி அனுப்பியிருக்கார். கையெழுத்து மட்டும் போடணுமாம்."

"ரொம்ப நல்ல மனுஷன்," என்றான் சோடா. "அடுத்தது சாவுச் சீட்டும் அவரே எழுதிடுவார். நாம படுத்தா போதும்."

சத்து டீச்சர் சிரிக்கவில்லை. "பதினோரு வருஷம் இங்க வேலை. சாக்கடைத் தண்ணியில பொய்க் கணக்கு எழுதினவள்னு பேரெடுத்துட்டு வெளியே போனா, அப்புறம் எந்தச் சோதனைக்கூடமும் என்னை வாசல்லகூட நிக்க விடாது. வேலைகூடப் பரவாயில்லை. அந்தத் தொட்டி நிஜம். அதான் தாங்கலை."

"என்ன வித்தை செஞ்சீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்று அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வித்தை என்றதும் சத்து டீச்சரின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "இந்தத் தண்ணியில தழைச்சத்து நிறையவே இருக்கு, அண்ணி. ஆனா அது நிலையா நிக்காது. மூடி இல்லாம விட்டா ஆவியாகிக் காத்தோட போயிடும். மூக்கைச் சுளிக்க வைக்கற அந்த நெடி இருக்கே, அதுதான் சத்து. நாம நாத்தம்னு திட்டறோம். உண்மையில வயலுக்குப் போக வேண்டியது வானத்துக்குப் போயிட்டிருக்கு."

"நிறுத்தறது எப்படி?"

"கொஞ்சம் புளிக்க வெச்சா போதும். தண்ணி புளிப்பா இருக்கற வரைக்கும் சத்து உள்ளேயே அடங்கி இருக்கும். பால் கூடத்துல பாலைத் திரிய வெச்சுக் கட்டியை எடுத்தப்புறம் ஒரு தண்ணி மிஞ்சும். வீணாத்தான் கொட்டுவாங்க. அதைக் கொண்டுவந்து ஊத்தினேன். தொட்டி தானாப் புளிச்சுது. மேல வைக்கோலைக் கனமாப் பரப்பினேன். அவ்வளவுதான்."

"அப்போ இந்தச் சத்து எங்க மாமா மாதிரி," என்றான் சோடா. "கவனிக்கற வரைக்கும் வீட்டுல இருப்பார். கொஞ்சம் முகம் மாறினா அடுத்த பஸ்ல ஏறிடுவார்."

இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். உடனே சிரிப்பு நின்றது.

"தம்பி, உங்க சட்டையில ரத்தம்!"

சோடா குனிந்து பார்த்தான். மார்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கறை. அவன் மேசையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணி... என்னை யாரோ சுட்டுட்டாங்க. சத்தமே கேக்கலையே."

"உட்காரு. சுட்டா இந்நேரம் நீ பேசாம இருந்திருப்பே, அதுவே எனக்கு அடையாளம்." அண்ணி கறையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "மத்தியானம் சாப்பாட்டுல சிந்தினது. மஞ்சள் கறையா இருந்துச்சே, அதேதான். மஞ்சள் கறை மேல துவைக்கிற சோப்பு பட்டா என்ன ஆகும்?"

"சிவக்கும். அம்மா வீட்டுல தினம் திட்டுவாங்களே."

"உன் மேல சோப்பு எங்க பட்டுது?"

"சோப்பு படலை. தொட்டித் தண்ணிதான்..." சோடா பாதியில் நிறுத்தினான்.

நாற்காலி பின்னால் சரிந்தது. சத்து டீச்சர் எழுந்து நின்றிருந்தாள்.

"புளிச்ச தண்ணி பட்டா மஞ்சள் மஞ்சளாத்தான் இருக்கும். சிவந்திருக்குன்னா புளிப்பு இல்ல. தலைகீழா மாறியிருக்கு. யாரோ என் தொட்டியில..." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெள்ளை மரம், வெள்ளைக் கல், வெள்ளைக் குழாய். "சுண்ணாம்பு. சுண்ணாம்பைக் கொட்டிட்டாங்க. சத்தைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டாங்க!"

"தள்ளினப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"தலைவர் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி என்னைப் பயிற்சிக்கு அனுப்பிட்டாங்க. கோப்புகளை ஒரே உயரத்துல அடுக்கறது எப்படின்னு நாலு நாள் பயிற்சி. சாவியை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. திரும்பி வந்து கேட்டா, அப்புறம் அப்புறம்னு இன்னிவரைக்கும் தரலை. தொட்டிகிட்டயே நான் போகலை, அண்ணி."

"பழைய தண்ணி ஏதாவது இருக்கா?"

அலமாரியின் அடித்தட்டிலிருந்து அவள் பெரிய கேன் ஒன்றை இழுத்தாள். வாயில் அரக்கு, மேலே தேதி. பயிற்சிக்குப் போன அன்று காலையில் எடுத்தது. "இதைச் சோதிங்கன்னு நேத்தே கெஞ்சினேன். நீங்களே நிரப்பின கேனை நீங்களே சாட்சிக்குக் கொண்டுவரலாமான்னு கண்காணிப்பாளர் கேட்டார்."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே முக்கால். "அதை நாலு மணிக்குக் கொண்டுவாங்க. கடிதத்துல கையெழுத்துப் போட்டுடாதீங்க."

* * *

"காவல்காரர்தான்," என்றான் சோடா, வாசலை நோக்கி நடந்துகொண்டே. "பாதி மிதிவண்டிக்கு வெள்ளையடிச்ச கோபம். பழி வாங்கிட்டார்."

"பழி வாங்கறவரு வெள்ளையடிச்சவங்களை விட்டுட்டுத் தொட்டியை ஏன் பழி வாங்கறாரு?"

"ஆள் மாறிப் போயிருக்கும். தொட்டியும் குண்டு, கண்காணிப்பாளரும் குண்டு."

காவல்காரர் நிழலில் நின்று மிதிவண்டியின் வெள்ளையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அண்ணி அவரிடம் சுண்ணாம்பைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் மனைவி சௌக்கியமா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் அவர் கொட்டிவிட்டார்.

"பேசறதே இல்லீங்க. தலைவர் வந்த அன்னிக்கு நான் கண்ணெல்லாம் சிவந்து, அழுத முகமா வீட்டுக்குப் போனேன். யாரை நினைச்சு அழுதேன்னு கேட்டா. யாரையும் நினைக்கலைன்னு சொன்னேன். யாரையும் நினைக்காம எந்த ஆம்பளை அழுவான்னு கேட்டா. பத்து நாளா தனித் தட்டுல சாப்பிடறேன்."

"நிஜமாவே யாரையும் நினைக்கலையா?"

"சத்தியமா இல்லீங்க. சும்மா நின்னுட்டிருந்தேன். மூணாம் தொட்டிப் பக்கம் காத்தடிச்சுது. கண்ணுல மிளகாப்பொடி தூவின மாதிரி தண்ணி கொட்டுச்சு."

"வெள்ளையடிக்க எத்தனை மூட்டை வந்துது?"

"நாப்பது."

"மிச்சம் எத்தனை?"

"பாதிக்கு மேல மிச்சம்."

"அது எங்க?"

காவல்காரர் இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். பிறகு மிகுந்த அக்கறையோடு வானத்தைப் பார்த்தார். "அம்மா, எனக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கு. மழை வருமா?"

"வராது," என்றாள் அண்ணி. "நீங்க ஒண்ணும் சொல்லலை. நாங்களும் ஒண்ணும் கேக்கலை. வீட்டுல சமாதானம் ஆகிறதுக்கு நான் வழி பண்றேன்."

அடுத்தது கண்காணிப்பாளரின் அறை. அவர் இல்லை; குழுவுக்கு நாற்காலி போடப் போயிருந்தார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரிகைப் படம் ஒன்று பெரிதாக்கி மாட்டியிருந்தது. மூன்றாம் தொட்டியின் படியில் வாரியத் தலைவர் நின்று கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கிறார். கீழே கொட்டை எழுத்து: 'கழிவுநீர்த் தொழிலாளர் துயர் கண்டு கண்கலங்கினார் தலைவர்.' அந்தப் படம் வந்த மறுநாளே 'ஈர நெஞ்சர்' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு கேடயமும் இருந்தது.

"நல்ல மனசு," என்றான் சோடா. "இந்தக் காலத்துல யாரு சாக்கடைக்காக அழுறா?"

"எத்தனை பேர் அழுறாங்கன்னு எண்ணு."

எண்ணினான். தலைவர், கண்காணிப்பாளர், எழுத்தர், மாலையோடு நின்ற நாலு பேர், பின்னால் குடை பிடித்தவர். எல்லார் கையிலும் கைக்குட்டை. கைக்குட்டை இல்லாதவர்கள் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாருமே. தலைவர் அழுதா மத்தவங்க அழாம இருக்க முடியுமா? வேலை போயிடும்."

"ஓரத்துல நிக்கறதைப் பாரு."

ஓரத்தில், கண்காட்சிக்காகக் கொண்டுவந்த பசுமாடு நின்றது. அதன் இரண்டு கண்ணிலிருந்தும் ஈரக்கோடு தாடைவரை இறங்கியிருந்தது.

"மாட்டுக்கு எந்த வாரியத்துல வேலை?" என்று கேட்டாள் அண்ணி.

சோடா படத்தைப் பார்த்தான். ஜன்னல் வழியாக வெள்ளைத் தொட்டியைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். அந்தம்மாவைப் பிடிக்காத எவனோ செய்த வேலை என்று இவ்வளவு நேரம் நினைத்திருந்தான். அவளை யாரும் நினைக்கவே இல்லை. தலைவரின் மூக்குக்குப் பயந்து செய்திருக்கிறார்கள். வரவேற்பு வளைவு, மாலை, சுண்ணாம்பு. எல்லாம் ஒரே பட்டியல்.

"கேஸ் முடிஞ்சுது, அண்ணி! வாங்க, போய்ச் சொல்லிடலாம்."

"என்னன்னு சொல்லுவே? ஐயா, உங்க கண்ணுல வந்தது இரக்கம் இல்ல, தொட்டியில இருந்து கிளம்பின நெடி. உங்க பட்டம், கேடயம், எல்லாம் சுண்ணாம்பு தந்தது. அப்படியா?" அண்ணி மூக்கைச் சிந்தினாள். "குழுவுக்குத் தலைமை யாரு?"

சோடா சுவர்ப் படத்தைக் காட்டினான். "அவரேதான்."

"அந்தப் பொண்ணு பொய் சொல்லலைன்னு ஆகணும்னா, அவரு அழுதது பொய்ன்னு ஆகும். ரெண்டுல எதை அவரு விட்டுக் கொடுப்பாருன்னு நினைக்கறே?"

* * *

நாலு மணிக்குக் குழு கூடியது. ஜன்னல்கள் இறுக்கி மூடியிருந்தன. தலைவர் வரும் அறைக்குள் பண்ணையின் காற்று வரக்கூடாது என்று உத்தரவு. மேசையின் தலைமாட்டில் தலைவர். சாந்தமான முகம், கூர்மையான கண். பக்கத்தில் கண்காணிப்பாளர். குறிப்பெழுத எழுத்தர். மூலையில் பத்திரிகைப் புகைப்படக்காரர். அந்தப் படத்துக்குப் பிறகு தலைவர் எங்கே போனாலும் அவரும் போனார். கடைசி நாற்காலியில் சத்து டீச்சர், காலடியில் கேன். அவள் முன்னால் அந்தக் கடிதம், பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

"திருடன் அகப்பட்டானா?" என்றார் தலைவர்.

"அகப்பட்டுட்டார், ஐயா," என்றாள் அண்ணி. "அதுக்கு முன்னாடி ஒரு பாராட்டு பாக்கி இருக்கு. நீங்க வந்த அன்னிக்குப் பண்ணையில சாக்கடை நாத்தமே இல்லையாமே. அது யாரோட ஏற்பாடு?"

கண்காணிப்பாளர் நெஞ்சை நிமிர்த்தினார். பத்து நாளாக இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்த நெஞ்சு அது.

"என் யோசனைதான். பழைய வைக்கோலை எல்லாம் அள்ளி எறிஞ்சேன். மிச்சமிருந்த இருபத்தஞ்சு மூட்டைச் சுண்ணாம்பையும் மூணாம் தொட்டியில கொட்டி, இயந்திரத்தால ரெண்டு நாள் கலக்கச் சொன்னேன். சாக்கடை நாத்தம் அப்படியே அடங்கிப் போச்சு."

சத்து டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அற்புதம்," என்றாள் அண்ணி. "எங்களுக்கும் செஞ்சு காட்டுங்களேன். இது அன்னிக்கு முன்னாடி அதே தொட்டியில எடுத்த தண்ணி. அரக்கைப் பாருங்க, தேதியைப் பாருங்க. இதை யாரும் தொடலை."

அரக்கை உடைத்தது கண்காணிப்பாளரே. ஒரு அகலத் தட்டில் பாதியை ஊற்றினார். புளித்த வாடை மெல்ல வந்தது. தலைவர் மூக்கைச் சுருக்கினார், அவ்வளவுதான். சோடா வாசலில் கிடந்த காலி மூட்டைகளிலிருந்து தட்டிக் கொண்டுவந்திருந்த சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான். கண்காணிப்பாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு, கல்யாண வீட்டுச் சமையல்காரர் உப்புப் போடுகிற கம்பீரத்தோடு அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

முதலில் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு கண்காணிப்பாளரே ஒரு கையால் கலக்கி, மறுகையால் கண்ணைத் துடைக்கத் தொடங்கினார். நெடி கத்திபோல் எழுந்து மூடிய அறையைச் சுற்றி வந்தது. மூன்று நாளாக அடைத்திருந்த அண்ணியின் மூக்கு 'பட்'டென்று திறந்துகொண்டது. சோடாவுக்கு, செத்துப்போன சித்தப்பாவுக்குக்கூட வராத கண்ணீர் தாரை தாரையாக வந்தது.

தலைவரின் கன்னத்திலும் கோடு இறங்கியது.

அவர் கைக்குட்டையை எடுத்தார். கண்ணுக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் கை நின்றது. கண்ணீருக்கு நடுவே அந்தக் கூர்மையான கண் தட்டைப் பார்த்தது, கண்காணிப்பாளரைப் பார்த்தது, அண்ணியைப் பார்த்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. அது புரிந்தது மற்ற எல்லாருக்கும் புரிந்துவிட்டது. யாரும் மூச்சு விடவில்லை. விட முடியவும் இல்லை.

"அப்போ... அன்னிக்கு?" என்றார் மெதுவாக.

பதில் கடைசி நாற்காலியிலிருந்து வந்தது.

"அது உரம், ஐயா. உங்க கண்ணுல பட்டது கொஞ்சம்தான். மீதி வானத்துக்குப் போயிடுச்சு."

புகைப்படக்காரர் பழக்கதோஷத்தில் படம் எடுத்துவிட்டார். அந்த வெளிச்சத்தில் தலைவர் நிதானத்துக்கு வந்தார். சும்மா ஒன்றும் அவர் தலைவராகிவிடவில்லை. எழுந்தார். நீண்ட மேசையைச் சுற்றி வந்து, ராஜினாமாக் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். கண்ணீர் வழிய, குரல் தழுதழுக்கச் சொன்னார்:

"ஒரு அப்பாவிப் பெண்ணுக்கு நேர்ந்த அநீதியைப் பார்த்து யாருக்குத்தான் கண் கலங்காது?"

மறுபடி வெளிச்சம். நாளைக்கு மறுபடி கொட்டை எழுத்து. சோடா கைதட்டலாமா என்று யோசித்தான்.

"எழுதுங்க," என்று எழுத்தரிடம் திரும்பினார் தலைவர். "சத்து குறைந்ததற்குக் காரணம் தெரியவில்லை. இந்த அம்மா மேல் நடவடிக்கை இல்லை. கூட்டம் முடிந்தது."

"தெரியலைன்னு எழுதாதீங்க, ஐயா," என்றாள் சத்து டீச்சர். "தெரியும்."

"அம்மா, உங்க வேலைதான் உங்களுக்குக் கிடைச்சாச்சே."

"காரணம் தெரியலைன்னா, என் நாலு கிலோ நிஜமா பொய்யான்னும் தெரியலைன்னுதான் ஆகும். அடுத்த தடவை நீங்க வர்றப்ப திரும்பவும் மூட்டை வரும். திரும்பவும் ஒரு கிலோ வரும். அதுக்கு நான் இப்பவே போயிடறேன்."

கண்காணிப்பாளர் எதையும் மூன்று பிரதி எடுக்கிறவர். இரண்டாவது பிரதி மேசையிலேயே இருந்தது. அவள் அதைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவை எடுத்தாள். பேனா தாளைத் தொட்டுவிட்டது. புகைப்படக்காரர் மறுபடி கருவியைத் தூக்கினார்.

"நிறுத்துங்க," என்றார் தலைவர். புகைப்படக்காரரை வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார். கதவு சாத்தும்வரை காத்திருந்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. "சுண்ணாம்புன்னு எழுதிட்டா, அன்னிக்கு நான் அழுதது என்ன ஆகும்மா?"

அவள் கிண்டல் இல்லாமல், ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதுபோல் யோசித்தாள்.

"உங்க கண்ணைப் பத்தி எதுவும் எழுத வேண்டாம், ஐயா. தொட்டியைப் பத்தி எழுதினா போதும்."

தலைவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"எழுதுங்க. மூன்றாம் தொட்டி. முதலில் சொன்ன நாலு கிலோ சரியான கணக்கு. குறைந்ததற்குக் காரணம், உள்ளே கொட்டிய சுண்ணாம்பு. கொட்டச் சொன்னது..."

"'நிர்வாகம்'னு பொதுவாப் போட்டுக்கலாமா, ஐயா?" என்றார் கண்காணிப்பாளர், கண்ணைத் துடைத்தபடி.

"பதவியோட போடுங்க," என்றாள் சத்து டீச்சர்.

எழுத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார். பேனா கரகரவென்று ஓடியது. கண்காணிப்பாளர் பையைத் துழாவிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். எழுதிய தாள் அவள் பக்கம் நகர்ந்து வந்தது. கீழே அவளுக்கென்று ஒரு கோடு.

அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. குனிந்தாள். இவ்வளவு நேரமும் வாய் திறந்தபடி இருந்த கேனில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. அதன் மூடியை வைத்து, இரண்டு கையாலும் இறுக்கித் திருகினாள். அப்புறம்தான் நிமிர்ந்து, பேனாவை எடுத்தாள்.